நண்பர் படத்தைக் காட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

"எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று நண்பர் ஒரு படத்தைக் காட்டினார். ஓடும் குழந்தை, கை, கால், முகம் எல்லாமே இழுபட்டு மங்கல். "ஷட்டர் வேகத்தை 1/500க்கு ஏத்துங்க, அப்படியே உறைஞ்சு நிக்கும்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஓட்டம் தெரிய வேண்டும் என்றுதான், ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) அதிக நேரம் திறந்திருக்கும்படி 1/15 நொடியில் எடுத்தாராம். கேமராவைக் குழந்தையின் ஓட்டத்தோடு சேர்த்துத் திருப்பியபடி எடுத்தால், முகம் ஓரளவு தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் வரும். அவருக்குத் தேவைப்பட்டது அந்த யோசனை. நான் சொன்னதோ, என் மனதில் இருந்த வேறு ஒரு படத்துக்கு.

"இதில் எதைக் காட்ட நினைச்சீங்க?" என்று முதலில் கேட்காததுதான் தவறு. மற்ற பல தவறுகளுக்கும் இதுவே வேர்.

"ஷார்ப்பா இல்லையே" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது அடுத்தது. அது எடுத்தவருக்கே தெரியும். ஏன் இல்லை என்பதைச் சேர்ந்து பார்த்தால் பாதி வேலை முடிந்தது. படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால், அசைந்தது ஆள்தான். கண்ணுக்குப் பதில் காதோ, பின்னால் இருக்கும் செடியோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கை அசைவுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: லென்ஸின் குவியத் தூரம் 200 மி.மீ. என்றால் ஷட்டர் 1/200 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும். சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) சிறியது என்றால் இன்னும் கொஞ்சம் வேகம். லென்ஸிலோ கேமராவிலோ நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் இதைவிட மெதுவாகவும் எடுக்கலாம். ஆனால் அந்த வசதி ஓடும் குழந்தையை நிறுத்தாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

வெறும் "சூப்பர்" கெடுதல் செய்யாது, உதவவும் செய்யாது. "ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழுந்த விதம் பிடிச்சிருக்கு" என்றால், எதைத் திரும்பச் செய்வது என்று அவருக்குத் தெரியும்.

விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் தனி ரகம். ஆளை நடுவில் வைத்துவிட்டால் போதும், "மூன்றில் ஒரு பங்கு விதி" என்று ஆரம்பித்துவிடுவார்கள்: படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்க வேண்டுமாம். அந்தப் பெயரில் அதை 1797இல் எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஓவியர். அவர் பேசியது ஓவியத்தைப் பற்றி, அப்போது கேமரா படமே பிறக்கவில்லை. தண்ணீரில் பிரதிபலிப்பு விழும்போது கரைக்கோட்டை நட்டநடுவில் வைப்பதுதான் சில நேரம் அழகு. "என் கண் முதலில் அந்த வெள்ளைப் பலகைக்குப் போகுது" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். அது தவறா இல்லையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

"கிராப் பண்ணவே கூடாது", அதாவது எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டவே கூடாது என்பவர்களுக்கு: கிராப் செய்வதை விரும்பாத பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே பிரசோன் 1932இல் எடுத்த, தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரின் புகழ்பெற்ற படமே கிராப் செய்யப்பட்டதுதான். அதற்காக நண்பரின் படத்தை நாமே வெட்டி, நிறம் மாற்றித் திருப்பி அனுப்பலாம் என்று அர்த்தமில்லை. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், "வேற லென்ஸ் வாங்குங்க" என்பது ஆலோசனையே அல்ல. இரண்டடி முன்னால் போகலாம், குனியலாம், ஆளை நிழலுக்கு நகர்த்தலாம். கையில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது ஏதாவது எப்போதும் இருக்கும்.

வீட்டு ஆட்களின் படம் என்றால் கூடுதல் கவனம் தேவை. "அம்மா இதில் குண்டா தெரியறாங்க" என்பது படத்தைப் பற்றிய கருத்தாகாது. நான்கு பேர் முன்னால் எட்டுக் குறையை அடுக்குவதும் வேண்டாம். ஒன்று போதும், அதிகபட்சம் இரண்டு.

சில வாரம் கழித்து அதே நண்பர் அதே குழந்தையின் படத்தோடு வந்தார். 1/30 நொடி, முகம் தெளிவு, பின்னணி முழுக்கக் கோடுகள். தரை மட்டும் நன்றாகச் சாய்ந்திருந்தது. இந்த முறை உஷாராக, "வேகம் தெரியணும்னு சாய்ச்சு எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அட, சாய்ஞ்சிருக்கா?" என்றார்.