ஃப்யூயல் பம்ப் மாற்றிய பிறகும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

புது பம்ப் போட்டாயிற்று, செல்ஃபும் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. உடனே "பீஸ் சரியில்லை" என்று இன்னொரு பம்ப் வாங்கக் கிளம்ப வேண்டாம். புது பம்ப்பே பழுதாக வருவது உண்டுதான். ஆனால் கழற்றி மாட்டும்போது கை பட்ட கப்ளர் (வயர் இணைப்பான்), ஹோஸ், ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இவற்றில் ஒன்று சரியாக உட்காராமல் போவதுதான் அதிகம். பழைய பம்ப்பைக் கொன்ற வயரிங் கோளாறு அப்படியே இருந்து, புதியதையும் ஓடவிடாமல் செய்வதும் உண்டு. அதனால் பம்ப்பைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

இங்கே சொல்வது டேங்குக்குள் பம்ப் இருக்கும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களுக்கு.

முதலில் பாதுகாப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தேங்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் மூடிய ஷெட்டுக்குள் டேங்க் வாயைத் திறக்கவே கூடாது. காலை நேரத்தில், திறந்த வெளியில், எல்லாக் கதவையும் திறந்து வைத்துச் செய்யுங்கள். பெட்ரோல் லைனைக் கழற்றும் முன் பேட்டரி மைனஸை எடுத்துவிடுங்கள். கரண்ட் கொடுத்துப் பார்க்கும் சோதனை எதுவானாலும் பம்ப்புக்கு மேலுள்ள டேங்க் மூடி மூடியிருக்க வேண்டும். பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இனி எளிதானவை. வேலைக்காகக் கழற்றிய பேட்டரி டெர்மினல் இறுக்கமாக இருக்கிறதா? மீட்டரில் 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இக்னிஷன் போட்டதும் சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் அது இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணாமல் வண்டியைப் பிடிக்கவிடாத திருட்டுத் தடுப்பு), பம்ப்பைத் தொடவே வேண்டாம். பழைய ஃபோர்டு, ஃபியட் வண்டிகள் சிலவற்றில் மோதலின்போது பெட்ரோலை நிறுத்தும் சுவிட்ச் உண்டு; குலுங்கித் தட்டுப்பட்டிருந்தால் அதன் பொத்தானை அழுத்திவிடுங்கள்.

அடுத்து, டேங்கில் உண்மையிலேயே பெட்ரோல் இருக்கிறதா? வேலைக்காக வடித்திருப்பார்கள். உள்ளே இறக்கும்போது மிதவைக் கம்பி வளைந்தாலோ சுவரில் சிக்கினாலோ, காலி டேங்கையே கால் டேங்க் என்று மீட்டர் காட்டும். ஐந்து லிட்டர் ஊற்றிவிட்டு மேலே போங்கள்.

இப்போது காதைத் தீட்டுங்கள். ஒருவர் இக்னிஷனை ஆன் மட்டும் செய்யட்டும், செல்ஃப் வேண்டாம். இன்னொருவர் பின் சீட்டுக்கு அடியில் காது வைக்கட்டும். இரண்டு மூன்று விநாடி "ம்ம்ம்" என்ற ரீங்காரம் கேட்டு நிற்க வேண்டும். இன்ஜின் சுற்றாதவரை இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அவ்வளவு நேரம்தான் பம்ப்பை ஓட்டும். சத்தம் வருகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரியும்.

சத்தமே இல்லை என்றால்

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம், மீட்டரில் கண்டினியூட்டி (கரண்ட் தொடர்ந்து போகிறதா) பாருங்கள். பிறகு ரிலே, அதாவது பம்ப்புக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச். ஃபியூஸ் பாக்ஸிலேயே அதே எண் போட்ட ஹார்ன் ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். அதுவும் உதவவில்லை என்றால், ரிலேயைக் கழற்றி 30, 87 எண் கால்களின் துளைகளை ஃபியூஸ் வைத்த வயரால் இணையுங்கள். பம்ப் ஓடினால் கோளாறு ரிலேயிலோ அதன் கட்டுப்பாட்டு வயரிலோ இருக்கிறது. ஓடாவிட்டால் ரிலேயிலிருந்து டேங்க் வரைக்கும் உள்ள பாதையைப் பாருங்கள்.

இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். கப்ளரைக் கழற்றி அதன் வாயில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும், "கரண்ட் வருகிறது, பம்ப்தான் போச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. கப்ளருக்குள் கருகிப்போன உலோக முனை வழியாகவும் 12 வோல்ட் தாராளமாகத் தெரியும். பம்ப் சுமார் 4 முதல் 6 ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்தக் கருகல் தடுக்கும். அதனால் கப்ளரை மாட்டியே வைத்து, பின்பக்கத்திலிருந்து மெல்லிய குண்டூசி செருகி, பம்ப்புக்குக் கரண்ட் போகும் நேரத்திலேயே அளக்க வேண்டும். 30-87 இணைப்பு இருந்தால் இரண்டு விநாடிக்குள் அவசரப்பட வேண்டியதில்லை. பேட்டரி பிளஸுக்கும் பம்ப் பிளஸுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வயரோ கப்ளரோ கெட்டிருக்கிறது. பேட்டரி மைனஸுக்கும் பம்ப் எர்த்துக்கும் இடையில் 0.2-க்கு மேல் போனால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி முடுக்குங்கள். ஏற்காட்டுப் பனியிலும் மழையிலும் வெளியே நிற்கும் வண்டிகளில் இந்த எர்த் கோளாறை முதலிலேயே எதிர்பாருங்கள்.

கப்ளர் உருகியோ பழுப்பேறியோ இருந்தால் பம்ப்போடு அதையும் மாற்றியே ஆக வேண்டும். அதில் தடித்த இரண்டு வயர் பம்ப்புக்கு, மெல்லியவை மிதவைக்கு. மெல்லியதில் நேரடியாக 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள்.

கப்ளர் வரை முழு வோல்ட்டும் எர்த்தும் வந்தும் ஓடவில்லை என்றால், டேங்க் மூடிக்கு உள்பக்கம் பம்ப் மோட்டாருக்குப் போகும் குட்டிப் பிளக் கழன்றிருக்கிறதா பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால்தான் பம்ப்பைக் குறை சொல்லலாம்.

சத்தம் வருகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால்

லைனில் காற்று நிறைந்திருக்கும். இக்னிஷன் ஆன், மூன்று விநாடி, ஆஃப், பத்து விநாடி. இப்படி ஐந்தாறு முறை செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல் நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

அப்படியும் இல்லையென்றால் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 3 முதல் 4 பார் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். பம்ப் ஓடியும் பிரஷர் ஏறாததற்குக் காரணம் அநேகமாக டேங்குக்குள்தான் இருக்கும். பம்ப் வாயில் போட வேண்டிய ஓ-ரிங் பழையதோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். அல்லது மடங்கி, நறுக்குப்பட்டிருக்கலாம். அப்போது பெட்ரோல் இன்ஜினுக்குப் போகாமல் டேங்குக்குள்ளேயே கொட்டும். ஓ-ரிங்கில் கொஞ்சம் பெட்ரோலோ இன்ஜின் ஆயிலோ தடவி நேராக இறக்குங்கள், கிரீஸ் வேண்டாம். உள்ளிருக்கும் குட்டி ஹோஸில் கிளாம்ப் இல்லாமல் விட்டாலும் இதே கதைதான். அங்கே சாதாரண ரப்பர் ஹோஸைப் போட்டால் இரண்டு பக்கமும் பெட்ரோலில் ஊறி, உப்பி, வெடித்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும், மூழ்கி இருக்கத் தகுந்த ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பம்ப் மட்டும் தனியாக மாற்றியிருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா? மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சத்தம் சரியாகவே இருக்கும், பிரஷர் வராது. பெட்ரோலை அனுப்பும் லைனும் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனும் இடம் மாறினாலும் அப்படியே.

பிரஷர் ஏறி, பம்ப் நின்றதும் சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கினால் ஓ-ரிங், ஹோஸ், பம்ப்பின் செக் வால்வு (பெட்ரோல் பின்னால் திரும்பாமல் தடுப்பது), ஒழுகும் இன்ஜெக்டர் என்ற வரிசையில் தேடுங்கள்.

பிரஷர் அளவாக நிற்கிறது, இன்னும் பிடிக்கவில்லை. அப்படியானால் டேங்க் பக்கத்தை விட்டுவிடலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் அதிகமாகி இன்ஜின் மூழ்கியிருக்கிறது: ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்தால் பல வண்டிகளில் இசிஎம் பெட்ரோலை நிறுத்திவிடும், இன்ஜின் காய்ந்து பிடிக்கும். காய்ந்திருந்தால் இன்ஜெக்டர் திறக்கவில்லை. இக்னிஷன் போட்டதும் ஓடும் பம்ப், செல்ஃப் அடிக்கும்போது நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். நின்றால், இன்ஜின் சுற்றுவதைச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சிக்னல் அநேகமாக இசிஎம்முக்குப் போகவில்லை. ஸ்கேனர் வைக்க வேண்டிய இடம் இது.

டீசல் காமன் ரெயில் வண்டிக்கு விதி வேறு. கைப் பம்ப் கெட்டியாகும் வரை அழுத்தி ஃபில்டரில் உள்ள காற்றை எடுங்கள். இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்த டீசல் போகும் ரெயில் பைப்பை மட்டும் தளர்த்தாதீர்கள், அங்கிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஏற்காடு மலைப் பாதையில் நின்றுவிட்டால் முதலில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிறகு முடிந்தால் சமதளத்துக்குத் தள்ளிப் பாருங்கள். குறைந்த பெட்ரோலில் ஏற்றத்தில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும். எந்தக் காரணத்துக்காகவும் இன்ஜின் ஓடாமல் நியூட்ரலில் அடிவாரம் வரை உருட்டி இறக்காதீர்கள். இரண்டு மூன்று மிதியில் பிரேக் பூஸ்டரின் வேக்குவம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்; பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது. 20 கொண்டை ஊசி வளைவுகளை அப்படிக் கடக்க முடியாது. இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

வண்டி பிடித்ததும் சீட்டை உடனே மாட்டிவிட வேண்டாம். பத்து நிமிடம் ஓடவிட்டு, டேங்க் மூடி ரப்பரைச் சுற்றியும் லைன் பூட்டுகளிலும் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். பூட்டுகளை இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது. பிறகு டேங்கை முழுதாக நிரப்பி, இன்னொரு முறை அதே இடங்களை ஒற்றுங்கள். கால் டேங்கில் கசியாத மூடி நிறைந்த டேங்கில் கசியும்.