போட்டோவுக்குச் சான்றொப்பம்: பச்சை மையைத் தேடி அலைவதற்கு முன்

அரசு வேலைக்குத் தேர்வாகிவிட்ட கடிதம் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "கெஜட்டட் ஆபீசர் யாராவது நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்பதுதான். கெஜட்டட் என்றால், நியமனம் அரசிதழில் வெளியாகும் நிலையில் உள்ள அரசு அதிகாரி. சித்தப்பாவின் நண்பர், பக்கத்துத் தெரு டாக்டர், தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் யாரோ ஒருவர் என்று பெயர்கள் வரிசையாக வரும். படிவத்தில் யாருடைய கையெழுத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்று அதுவரை ஒருவரும் வாசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். போட்டோ சான்றொப்பத்தில் வருகிற குளறுபடிகளில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

சான்றொப்பம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. மார்க் ஷீட் ஜெராக்ஸைப் பார்த்து "அசலும் இதுவும் ஒன்று" என்று போடும் கையெழுத்து ஒன்று. "படத்தில் இருப்பவர் இவர்தான்" என்று போட்டோவின் மேல் போடும் கையெழுத்து இன்னொன்று. "இவரை எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியும்" என்று எழுதிப் போடுவது மூன்றாவது. முதல் வேலைக்கு இப்போது பெரும்பாலும் நம் கையெழுத்தே போதும். சுயசான்றொப்பத்தை ஏற்கும்படி 2013 மே மாதம் மத்திய அரசின் நிர்வாகச் சீர்திருத்தத் துறை எல்லா அமைச்சகங்களுக்கும் மாநிலங்களுக்கும் எழுதியது; 2014க்குப் பிறகு அது பரவலாக நடைமுறைக்கு வந்தது. இதை வைத்துக்கொண்டு, "இப்பல்லாம் நாமே கையெழுத்துப் போட்டுக்கலாம்" என்று மற்ற இரண்டுக்கும் நீட்டிவிடுகிறார்கள். நான்தான் நான் என்று நானே சான்று சொன்னால் எந்த அலுவலகமும் ஏற்காது. அந்த இரண்டுக்கும் இன்னொருவர் வேண்டும்.

மத்திய அரசு வேலைக்குத் தேர்வானவர்களிடம் வாங்கும் அட்டெஸ்டேஷன் படிவத்தை எடுத்துக்கொள்வோம். போட்டோ ஒட்டி, முகவரி, படிப்பு, முன்பு பார்த்த வேலை, வழக்குகள் எல்லாம் நிரப்பிய பிறகு, கடைசியில் அடையாளச் சான்று ஒன்று இருக்கும். அதில் கையெழுத்திடத் தகுதி உள்ளவர்களின் பட்டியலையும் அங்கேயே கொடுத்திருப்பார்கள். மத்திய, மாநில அரசுகளின் கெஜட்டட் அதிகாரிகள், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், சப் டிவிஷனல் மாஜிஸ்திரேட்டுகள், மாஜிஸ்திரேட் அதிகாரம் தரப்பட்ட தாசில்தார், துணைத் தாசில்தார்கள், கடைசியாகப் படித்த பள்ளி அல்லது கல்லூரியின் தலைமையாசிரியர், முதல்வர், பி.டி.ஓ.க்கள் எனும் வட்டார வளர்ச்சி அலுவலர்கள்; போஸ்ட் மாஸ்டர்கள்; பஞ்சாயத்து இன்ஸ்பெக்டர்கள்.

கெஜட்டட் அதிகாரி இதில் ஒரு வகை, அவ்வளவுதான். கடைசியாகப் படித்த கல்லூரி அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் போதும், அரசுக் கல்லூரியாக இருக்க வேண்டும் என்று அந்த வரி கேட்பதில்லை. ஆகவே தனியார் பொறியியல் கல்லூரியில் படித்தவர் தன் முதல்வரிடமே போகலாம். என்னைக் கேட்டால் முதலில் போக வேண்டிய இடமும் அதுதான். உங்கள் பெயரும் அப்பா பெயரும் பிறந்த தேதியும் அவர்கள் பதிவேட்டில் இருக்கின்றன. உங்களைத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முத்திரை மேசையிலேயே இருக்கிறது. இப்படி ஒரு வழி இருக்கும்போது, முன்பின் தெரியாத தாசில்தாரின் அறை வாசலில் காலையிலிருந்து காத்துக் கிடப்பது வீண் வேலை. பள்ளி என்றால் மட்டும் கோடை விடுமுறையைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் தலைமையாசிரியரைப் பிடிப்பது கஷ்டம்.

எம்.எல்.ஏ.விடம் போகிறவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். யாராவது ஒரு எம்.எல்.ஏ. போதாது. நீங்களோ உங்கள் பெற்றோர், காப்பாளரோ வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியின் எம்.எல்.ஏ.வாக இருக்க வேண்டும். அடுத்தது, லெட்டர்பேடில் அழகாக ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிவந்துவிட்டு, படிவத்தில் கையெழுத்து வாங்காமல் விட்டுவிடுவது. அந்தக் கடிதத்துக்கு இங்கே வேலையே இல்லை.

ஊராட்சித் தலைவரிடம் போனவர்களையும் நிறையப் பார்க்கலாம். பட்டியலில் பஞ்சாயத்து என்ற சொல் இருப்பதால் வரும் குழப்பம் அது. அங்கே சொல்லியிருப்பது இன்ஸ்பெக்டர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் அல்ல. ஆனால் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகிறவர்களுக்கு நிலைமை தலைகீழ். அங்கே போட்டோவுடன் கேட்கும் நன்னடத்தைச் சான்றை ஊராட்சித் தலைவர் அல்லது நகராட்சி, மாநகராட்சிதான் தர வேண்டும், அதுவும் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அண்ணன் ரயில்வேயில் சேர்ந்தபோது யாரிடம் வாங்கினான் என்பதைத் தம்பியின் ராணுவக் கோப்புக்குப் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை. அந்தந்த அறிவிக்கை என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

எத்தனை வருஷமாகத் தெரியும்?

அந்த அடையாளச் சான்றில் "இவரை ... ஆண்டுகள் ... மாதங்களாக அறிவேன்" என்று ஒரு வரி வரும். இருப்பதிலேயே விவகாரமான வரி இதுதான். கையெழுத்துப் போடுபவர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார். வீட்டுக்கு வந்து நாம் "5 ஆண்டுகள்" என்று நம் கையெழுத்தில் நிரப்பிவிடுவோம். அந்த பி.டி.ஓ. போன வருஷம்தான் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்திருப்பார். படிவத்தின் தொடக்கத்திலேயே பொய்த் தகவல் தந்தாலோ உண்மையை மறைத்தாலோ தகுதியிழப்பு என்று எச்சரிக்கை இருக்கிறது. கீழே இப்படி ஒரு ஓட்டையை நாமே போட்டு வைக்கலாமா? எண்ணை அவரையே, அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று வருஷம் பாடம் எடுத்த பேராசிரியர்தான் இப்போது முதல்வர் என்றால் மூன்று வருஷம் என்று எழுதட்டும். குறைந்த எண் என்பதற்காக யாரும் திருப்பி அனுப்பப் போவதில்லை. விசாரணையில் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால்தான் சிக்கல்.

யார் கெஜட்டட், யார் இல்லை

தமிழ்நாட்டு அரசுப் படிவங்களில் "அ அல்லது ஆ பிரிவு அலுவலர்" என்று போட்டிருப்பார்கள். தாசில்தார், பி.டி.ஓ., அரசு மருத்துவமனை மருத்துவர், அரசுக் கல்லூரி முதல்வர், அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், கால்நடை உதவி மருத்துவர், போலீசில் டி.எஸ்.பி. ஆகியோர் இதில் வருவார்கள். கால்நடை மருத்துவரை யாரும் நினைத்தே பார்ப்பதில்லை. கிராமத்தில் அவர்தான் எளிதில் கிடைப்பவர், உங்கள் வீட்டையும் மாட்டையும் தெரிந்தவராகவும் இருப்பார்.

வி.ஏ.ஓ. இதில் வரமாட்டார், வருவாய் ஆய்வாளரும் வரமாட்டார். வங்கி மேலாளர் பெரிய பதவிதான், ஆனால் கெஜட்டட் அதிகாரி அல்ல. தனியார் மருத்துவமனை டாக்டர் எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும் அவர் கையெழுத்து செல்லாது. நோட்டரி பப்ளிக் என்பவர் 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின்படி நியமிக்கப்படும் வழக்கறிஞர். படிவத்தில் நோட்டரி என்று கேட்டிருந்தால் மட்டும் அவரிடம் போங்கள். காசு கொடுத்து, சிவப்பு முத்திரையும் ஸ்டாம்பும் ஒட்டி வாங்கிவந்த பிறகு, "கெஜட்டட்தானே கேட்டிருக்கோம்" என்று சரிபார்ப்பு மேசையில் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

ஓய்வு பெற்றவர்கள் கதை தனி. ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்தவராக இருப்பார். ரப்பர் ஸ்டாம்ப் இன்னும் அவர் வீட்டு பீரோவில் இருக்கும். "அதுக்கென்ன, போட்டுத் தரேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்வார். வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பணியில் இருப்பவர் மாற்றலான பிறகும் பழைய ஊர் முத்திரையைக் குத்தினால் அதுவும் கேள்விக்கு உள்ளாகும்.

உறவினரிடம் வாங்குவது இன்னொரு வழுக்கல். டி.என்.பி.எஸ்.சி. கேட்கும் நன்னடத்தைச் சான்றை அ அல்லது ஆ பிரிவு அலுவலரிடம் வாங்கும்போது, அவர் உங்கள் சொந்தக்காரராக இருக்கக் கூடாது, தேதியும் அறிவிக்கை வெளியான நாளுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. போன தேர்வுக்கு வாங்கியது பத்திரமாக இருக்கிறதே என்று அதையே எடுத்துப் போகாதீர்கள். போட்டோ சான்றொப்பத்தைப் பொறுத்தவரை எல்லாப் படிவமும் உறவினரைத் தடுப்பதில்லை. இருந்தாலும் தாய்மாமாவைத் தவிர்த்துவிட்டு வேறு ஒருவரைப் பார்ப்பது நல்லது.

அப்புறம் அந்தப் பச்சை மை. கெஜட்டட் என்றாலே பச்சை மை, பச்சை மை என்றாலே செல்லும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேட்டின்படி பச்சை, சிவப்பு மையை இணைச் செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்கள்தான், அதுவும் அபூர்வமாகத்தான், பயன்படுத்தலாம். நீல மையில் போட்டுத் தந்தார் என்பதற்காக மறுபடி போய் நிற்காதீர்கள். பார்க்க வேண்டியவை நான்கு: கையெழுத்து, பெயர், பதவி, அலுவலக முத்திரை. பெயர் இல்லாமல் வெறும் கிறுக்கலும் வட்ட முத்திரையும் மட்டும் இருந்தால் யார் போட்டது என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது. தேதியும் இருந்தால் நல்லது.

போட்டோவிலேயே செய்யும் தவறுகள்

மத்திய அரசின் அட்டெஸ்டேஷன் படிவத்தில் சுமார் 5 செ.மீ.க்கு 7 செ.மீ. என்று கேட்டிருப்பார்கள். ஸ்டுடியோவில் வழக்கமாகத் தருவது 3.5க்கு 4.5. கட்டத்தில் பாதி காலியாக நிற்கும். அளவைச் சொல்லியே பிரின்ட் வாங்குங்கள், பளபளப்பு இல்லாத தாளில் வாங்குங்கள். பளபளப்பான போட்டோவில் ஜெல் பேனா மை காய்வதற்குள் விரல் பட்டு இழுத்துவிடும், முத்திரை மையும் அப்படித்தான். பின் அடிக்காமல் பசையால் ஒட்டுங்கள். கையெழுத்தும் முத்திரையும் பாதி படத்திலும் பாதி தாளிலும் விழ வேண்டும். படத்தைப் பிய்த்து வேறு படம் ஒட்ட முடியாதபடி இருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. படத்தை ஒட்டாமல் கையில் தனியாக எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கினால் இது நடக்காது. முகத்தின் மேல் முத்திரை விழுந்தால் போச்சு, படத்தால் பயனில்லை. குத்துவதற்கு முன்பே, "சார், ஓரத்தில போடுங்க" என்று சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இணையத்தில் பதிவேற்றும் படத்துக்கு இது எதுவும் வேண்டாம். சான்றொப்பம் போட்ட படத்தை ஸ்கேன் செய்து ஏற்றினால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் பணியாளர் தேர்வு ஆணையமான எஸ்.எஸ்.சி. 2024 முதல் விண்ணப்பிக்கும்போதே கேமராவில் நேரடியாகப் படம் எடுக்கச் சொல்கிறது. அங்கே ஸ்டுடியோ போட்டோவுக்கும் இடமில்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் ஹால் டிக்கெட்டில் படம் மங்கலாக இருப்பதைப் பார்த்துவிட்டு கெஜட்டட் அதிகாரி வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களும் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வென்றால் ஒரு வெள்ளைத்தாளில் போட்டோ ஒட்டி, பெயர், முகவரி, பதிவெண் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஹால் டிக்கெட் நகலும் ஆதார் போன்ற அடையாள அட்டை நகலும் சேர்த்து எடுத்துப்போக வேண்டும். அதில் சான்றொப்பம் இடுபவர் தேர்வுக்கூடத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர்.

தாலுகா ஆபீஸ், கோர்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் "ஐம்பது ரூபாய் குடுங்க, உள்ளே போய் வாங்கித் தரேன்" என்று சொல்பவரிடம் படிவத்தைத் தராதீர்கள். உள்ளே போகிறாரா, பின்னால் இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு முத்திரையை எடுக்கிறாரா என்று உங்களுக்குத் தெரியாது. அந்த அதிகாரியிடம் உங்கள் துறை கடிதம் எழுதிக் கேட்டு, "இது என் கையெழுத்தல்ல" என்று பதில் வந்தால் கடைக்காரரை யாரும் தேட மாட்டார்கள். படிவம் உங்களுடையது, போலி ஆவணம் கொடுத்தவர் என்று பதிவாவதும் நீங்கள்தான். முறையான சான்றொப்பத்துக்கு எந்த அதிகாரிக்கும் கட்டணம் கிடையாது.

நேரில் போகும்போது அசல் சான்றிதழ்கள், ஆதார், தேர்வான கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். அரசு மருத்துவரிடம் ஓ.பி. நேரத்தில் போய் நோயாளிகளுக்கு நடுவே படிவத்தை நீட்டாமல், ஓ.பி. முடிந்த பிறகு பாருங்கள். முன்பின் தெரியாதவருக்குப் போட மாட்டேன் என்று ஒருவர் மறுத்தால் வாதாடாதீர்கள், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்டியலில் அடுத்து உங்களைத் தெரிந்தவர் யார் என்று பாருங்கள். படிவத்தை இரண்டு பிரதியாக நிரப்பி, படம் ஒட்டிக் கொண்டுபோனால், ஒன்றில் முத்திரை கோணலாக விழுந்தாலும் அதே இருக்கையில் உட்கார்ந்து இன்னொன்றில் வாங்கிவிடலாம்.