கடல் பிளாங்க்டன்ல (தண்ணில மிதக்குற குட்டி உயிர்கள்ல) கொழுப்பு அமிலம் பாக்கணுமா? சாம்பிளைக் கெடாம கொண்டு வாங்க

குளிர் கடலையும் வெப்பமண்டலக் கடலையும் ஒப்பிடப் போறீங்கன்னா முதல்ல இத மனசுல ஏத்திக்கோங்க. நார்வேக்கு வடக்க ஆர்க்டிக்ல இருக்குற பேரன்ட்ஸ் (Barents) கடல் குளிர்ல வாழுற டயாட்டம், அதாவது கண்ணாடி ஓடு உள்ள ஒற்றைச் செல் பாசி, தன்னோட செல் சவ்வு விறைச்சுப் போகாம இருக்க இரட்டைப் பிணைப்பு அதிகமுள்ள இ.பி.ஏ மாதிரி அமிலத்த நிறைய சேர்த்துக்கும், 16:0 (16 கார்பன், இரட்டைப் பிணைப்பு பூஜ்யம்னு அர்த்தம்) உருகவே 63 டிகிரி வேணும், இ.பி.ஏ மைனஸ் 50லயும் உறையாது. வெப்பமண்டல நடுக்கடல்ல சத்து கம்மி, புரோக்ளோரோகாக்கஸ்ங்கிற பாக்டீரியா மாதிரி பொடி உயிர்கள்தான் ஜாஸ்தி, அதுங்க இ.பி.ஏவும், அதே மாதிரி இரட்டைப் பிணைப்பு நிறைஞ்ச டி.ஹெச்.ஏவும் செய்யாது, 16:0 வகையறாதான் தூக்கலா நிக்கும். காத்து பட்டா முதல்ல அழியறதும் இ.பி.ஏ, டி.ஹெச்.ஏதான். அதனால சரியா வைக்காத ஆர்க்டிக் சாம்பிள் கிராஃப்ல வெப்பக்கடல் சாம்பிள் மாதிரியே தெரியும், இதுதான் எனக்கு ரொம்ப பயம்.

கண்ணாடி நார் பில்டர், 0.7 மைக்ரான், 450 டிகிரி ஃபர்னஸ்ல நாலு மணி நேரம் சுட்டு வச்சுக்கோங்க. இடுக்கியாலதான் எடுக்கணும். ஒருதடவை கடல் தண்ணியே படாத பிளாங்க் பில்டர்ல 16:0வும் 18:0வும் ஊசி மாதிரி எழும்பி நின்னுச்சு, தேடிப் பாத்தா கிளவுஸ் மாத்தாம தொட்டிருக்கோம், அந்த நாள் சாம்பிள் மொத்தமும் போச்சு. பிளாங்க் போடாம வேலைய ஆரம்பிக்காதீங்க.

கடல் தண்ணிய 200 மைக்ரான் வலைல வடிகட்டிட்டு பில்டர்ல ஊத்துங்க. கலானஸ்ங்கிற கோபிபாட் (பாசி தின்னுற குட்டி இறால் மாதிரி பூச்சி) ஒண்ணே ஒண்ணு உள்ள விழுந்தாலும் அதோட மெழுகுக் கொழுப்பு 20:1, 22:1ஐ ஏத்திவிட்டுரும். டயாட்டம் பெருகுன நேரம்னா ஒரு லிட்டர்லயே பில்டர் பழுப்பாகி அடைச்சுக்கும், வெப்பமண்டல நடுக்கடல்ல அஞ்சு பத்து லிட்டர் போனாலும் வெளுப்பாவே இருக்கும், பொறுமையா ஊத்துங்க.

பில்டர மடிச்சு கண்ணாடிக் குப்பில போட்டு, குளோரோஃபார்ம் ரெண்டு மெத்தனால் ஒண்ணுன்னு ஊத்தி, நைட்ரஜன் அடிச்சு டெஃப்லான் மூடி போட்டு மைனஸ் 80ல வைங்க. பிளாஸ்டிக் கூடவே கூடாது. பில்டர்லேர்ந்து கொழுப்பப் பிரிச்செடுக்கும்போது அளந்து 19:0 சேருங்க, எவ்ளோ இழந்தோம்னு அதுதான் சொல்லும். அப்புறம் சுலபமா ஆவியாகுற மெத்தில் எஸ்டரா மாத்தி, ஒவ்வொரு அமிலத்தையும் பிரிச்சுக் காட்டுற கேஸ் குரோமட்டோகிராஃப்ல போடுங்க.

கிராஃபப் படிக்கும்போது 16:1ம் இ.பி.ஏவும் சேர்ந்து உசந்தா டயாட்டம், 18:4ம் டி.ஹெச்.ஏவும்னா டைனோபிளாஜெல்லேட் (சாட்டை மாதிரி வால் உள்ள ஒற்றைச் செல் உயிர்), 15:0, 17:0, கிளைச் சங்கிலின்னா பாக்டீரியா. வங்காள விரிகுடால 24 கார்பனுக்கு மேல நீண்ட சங்கிலி வந்தா கங்கை கொண்டு வந்த இலை மெழுகா இருக்கலாம். செத்த பிளாங்க்டன் துகள் கீழ இறங்க இறங்க இரட்டைப் பிணைப்பு உள்ளதெல்லாம் தின்னு தீர்ந்து 16:0 பங்கு ஏறும், அதனால ஒரு கடலோட மேல்மட்டத்த இன்னொன்னோட ஆயிரம் மீட்டரோட வச்சுப் பாக்காதீங்க, ஒரே ஆழம் ஒரே ஆழத்தோடதான்.