பழைய மோட்டாரைப் புதுப்பிக்கிறீர்களா? வயரிங்கில் இந்தத் தவறுகள் வேண்டாம்

பினாங்கில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே பிரித்துத் தன் விருப்பப்படி கட்டி எழுப்பும் ஆசை பலருக்கும் இருக்கிறது. ஜெலுத்தோங்கிலும் ஆயர் ஈத்தாமிலும், கடல் தாண்டினால் பட்டர்வொர்த்திலும் பிறையிலும், வீட்டு முகப்பில் எலும்புக்கூடாக நிற்கும் ஹோண்டா சி70-ஐயோ யமஹா ஆர்எக்ஸ்இசட்டையோ பார்க்கலாம். இந்த ஊருக்கு அது பொருத்தமான ஆசை. ஹோண்டா தன் சூப்பர் கப் வண்டியை ஜப்பானில் வெளியிட்டது 1958-இல். அந்த 1950களின் இறுதியிலேயே பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டாவின் விநியோக உரிமையைப் பெற்று இங்கே விற்கத் தொடங்கிவிட்டார். அந்த வரிசையில் வந்த சி70, நம் அப்பாக்களைத் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும், நம்மைத் தமிழ்ப்பள்ளிக்கும் ஏற்றிச் சென்ற வண்டி. அதை மீண்டும் ஓட வைப்பது செய்யத்தக்க வேலை.

ஆனால் பிரித்த வண்டிகளில் பல திரும்பவும் சாலைக்கு வருவதில்லை. எஞ்சினைப் பட்டறைக்காரர் சரிசெய்து கொடுத்துவிடுகிறார், பெயின்ட் பளபளக்கிறது, வேலை வயரிங்கில் வந்து நின்றுவிடுகிறது. நான் பார்த்தவரை இதற்கு முக்கியக் காரணம் ஒன்றுதான். அந்தக் கால வண்டியின் மின்சார அமைப்பு, அதன் சிறிய ஜெனரேட்டர் தரக்கூடிய சக்தியைச் சுற்றி அளந்து பின்னப்பட்டது. அதில் ஒரு பல்பையோ சுவிட்சையோ மாற்றினால் மற்றவையும் அசையும். இதை மறந்து துண்டு துண்டாக மாற்றுவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

அதற்கு முன்னால், வாங்கும்போதே நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. கிராண்ட் என்று நாம் சொல்லும் பதிவு ஆவணத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள். சி70-இன் சட்டத்தில், அதாவது ஃபிரேமில், ஹோண்டாவின் இஎக்ஸ்5 எஞ்சினை ஏற்றுவது இங்கே சகஜம். ஓட்டத்துக்கு அது நல்ல மாற்றமாகவே இருக்கலாம். ஆனால் எஞ்சினை மாற்றினால் ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும், வாகனப் பரிசோதனையும் வேண்டும். நிறத்தை மாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். சட்டத்துக்கு மணல் பீய்ச்சித் துரு நீக்கக் கொடுப்பவர்கள், சேசிஸ் எண் பொறித்த இடத்தை நன்றாக மூடி ஒட்டிக் கொடுங்கள். எண் தேய்ந்துபோனால் பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

இனி வயரிங். முதல் தவறு, பழைய வயர்க்கட்டைக் கழற்றியவுடன் குப்பையில் போடுவது. அது கருகியிருக்கலாம், பத்து இடத்தில் டேப் சுற்றியிருக்கலாம். இருந்தாலும் அதுதான் உங்களிடம் இருக்கும் சரியான வரைபடம். ஒவ்வொரு இணைப்பையும் பிரிக்கும் முன் படம் எடுத்து, இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஒரு பிளைவுட் பலகையில் ஆணி அடித்து, பழைய வயர்க்கட்டை அதன் கிளைகளோடு விரித்து வையுங்கள். புதிய வயர்க்கட்டை அதன் மேலேயே பின்னினால் எந்தக் கிளை எங்கே பிரிகிறது, எவ்வளவு நீளம் என்ற சந்தேகமே வராது.

நிறங்களையும் மதியுங்கள். ஹோண்டாவில் பச்சை எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை), சிவப்பு பேட்டரி, கறுப்பு சாவி போட்ட பின் வரும் மின்சாரம். யமஹாவில் அதே கறுப்புதான் எர்த். சாவிக்குப் பின் வருவது பழுப்பு. ஹோண்டாவில் பழகியவர் ஆர்எக்ஸ்இசட்டில் கறுப்பைத் தொட்டு மின்சாரம் தேடினால் கிடைக்காது. பிரிட்டிஷ் வண்டிகளில் இது இன்னும் தீவிரம். 1960களின் டிரையம்ஃப், பிஎஸ்ஏ போன்றவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சட்டத்தோடு இணையும்; அங்கே சிவப்பு வயரே எர்த். ஜப்பான் வண்டிப் பழக்கத்தில் நெகட்டிவைச் சட்டத்தில் கட்டினால், ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் அந்த நிமிடமே போய்விடும். கடையில் ஒரே நிற வயர் மலிவாகக் கிடைக்கிறது என்று முழு வண்டியையும் கறுப்பிலேயே பின்னுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பின்னாளில் மழை இரவில் விளக்கு அணைந்து, டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கட்டைப் பிரிக்கப்போவது அவர்களேதான்.

அடுத்தது விளக்கும் ஜெனரேட்டரும். எல்லாவற்றிலும் இதைத்தான் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பழைய 6 வோல்ட் கப் வகை வண்டிகளில் முன்விளக்கும் பின்விளக்கும் பேட்டரியிலிருந்து எரிவதில்லை. ஜெனரேட்டரின் விளக்குச் சுருளிலிருந்து நேராக எரிகின்றன. அந்தப் பாதையில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கிடையாது. பல்புகள் இழுக்கும் வாட்தான் வோல்ட்டை அடக்கி வைக்கிறது. ஒரு தம்பி தன் சி70-இல் பின்விளக்கு பல்பு வாரம் தவறாமல் போகிறது என்று கொண்டுவந்தார். வயரைச் சந்தேகித்துப் பின்பக்கம் முழுவதையும் மாற்றியிருந்தார். கோளாறு முன்னால் இருந்தது. முன்விளக்கில் குறைந்த வாட் எல்இடி பல்பு போட்டிருந்தார். முன்விளக்கு இழுக்க வேண்டிய சக்தியை இழுக்காததால் வோல்ட் ஏறி, அந்தச் சுமை முழுவதும் சின்னப் பின்விளக்கின் மேல் விழுந்தது. உரிய வாட் பல்பைத் திரும்ப மாட்டியதும் தொல்லை நின்றது.

சுவிட்சிலும் இப்படி ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தக் கால ஹோண்டா மாடல்கள் சிலவற்றில் விளக்கு சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிவதோடு, ஜெனரேட்டரின் இன்னொரு சுருளும் வேலைக்கு வரும். அழகுக்காகப் பொது சுவிட்ச் ஒன்றை வாங்கி மாட்டும்போது அந்த இணைப்பு விடுபட்டுவிடுகிறது. பிறகு பகலில் பேட்டரி கொதிக்கும், அல்லது இரவில் வற்றும். இங்கே மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரிய விட வேண்டும் என்பது 1992 முதல் உள்ள விதி. அதாவது உங்கள் ஜெனரேட்டர் முன்விளக்கை இரவில் மட்டுமல்லாமல் ஓடும் நேரமெல்லாம் தாங்கியாக வேண்டும். வாட் கணக்கைப் போடும்போது இதைச் சேர்க்காதவர்கள் நிறையப் பேர்.

6 வோல்ட்டை 12 ஆக்குவது நல்ல யோசனைதான். 15 வாட் பல்பு 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் 1.25 போதும். வயரிலும் சுவிட்சிலும் இழப்பு குறையும், உதிரிப் பொருளும் எளிதில் கிடைக்கும். ஆனால் பேட்டரியையும் பல்பையும் மட்டும் மாற்றினால் 12 வோல்ட் வண்டி ஆகிவிடாது. ஹார்ன், இண்டிகேட்டரை மினுக்கும் பிளாஷர், ரெகுலேட்டர் எல்லாம் மாற வேண்டும். ஜெனரேட்டர் சுருளை மறுபடி சுற்ற வேண்டும், அல்லது 12 வோல்ட் சுருள்களோடு வரும் தட்டையே பொருத்த வேண்டும். இன்னொன்று: ஏசி அலையின் இரு பாதியையும் பயன்படுத்தும் முழு அலை ரெகுலேட்டர் வாங்குபவர்கள் தங்கள் சுருளின் ஒரு முனை உள்ளேயே எர்த்தில் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அப்படி இருந்தால் அந்த முனையைப் பிரித்துத் தனி வயராக வெளியே கொண்டுவர வேண்டும். செய்யாமல் மாட்டினால் ரெகுலேட்டர் சூடாகிக் கருகும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சிடிஐ என்னும் மின்னணுத் தீப்பொறிப் பெட்டி உள்ள ஹோண்டா எஞ்சினை ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர். ஜெனரேட்டரிலிருந்தே தீப்பொறிக்குச் சக்தி எடுக்கும் வகையில், எஞ்சினை நிறுத்தும் வயர் அது. எர்த்தில் தொட்டால் எஞ்சின் நிற்கும், விட்டால் ஓடும். சாவியைப் போட்டால் மின்சாரம் போக வேண்டும் என்ற நினைப்பில் அதில் பேட்டரியை இணைத்தால் சிடிஐ பெட்டி வீணாகிவிடும். புதிய பெட்டி வாங்கி அதையும் அதே வயரில் எரித்தவர்கள் உண்டு.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று எல்லோரும் சட்டத்துக்கு பவுடர் கோட்டிங் போடுகிறார்கள். பார்க்க அழகு, துருவும் அண்டாது. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாத பூச்சு. முன்பு சட்டமே எர்த் பாதையாக இருந்த வண்டியில் இப்போது எஞ்சின், முன்விளக்குக் கூடு, இண்டிகேட்டர் தண்டு எல்லாம் பூச்சின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஹார்ன் அடித்தால் இண்டிகேட்டர் மினுக்குவதும், பிரேக் பிடித்தால் பின்விளக்கு மங்குவதும் இதனால்தான். எர்த் போல்ட் அமரும் இடத்தில் பூச்சை வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல்வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். அதோடு முன்விளக்கிலிருந்தும் எஞ்சினிலிருந்தும் பேட்டரிக்குத் தனி எர்த் வயர் இழுத்துவிடுங்கள். கடற்காற்று அடிக்கும் இந்தத் தீவில் போல்ட்டை மட்டும் நம்ப முடியாது. பழைய வயர் ஒன்றின் உறையை உரித்துப் பாருங்கள். செம்பு செம்பாக இல்லாமல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், அந்த வயர் வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

இணைப்புகளில், இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றுவது கூடவே கூடாது. நம் வெயிலில் அந்தப் பசை உருகி, மாதங்களில் டேப் அவிழ்ந்துவிடும். ஈயம் வைத்தால் உறுதி என்று நினைப்பவர்களும் உண்டு. ஈயம் வயருக்குள் ஊறி அந்த இடத்தை விறைப்பாக்கும். எஞ்சின் அதிர்வில் விறைப்பு முடியும் இடத்திலேயே இழைகள் ஒடியும். அசையும் இடங்களில் சரியான அளவு டெர்மினலை அதற்குரிய குறடால் நசுக்கி, சுருங்கும் உறை போடுவதே நல்லது. நசுக்கிய பின் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும்.

வயரை வெட்டும் முன் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். இழுபடாமல் இருக்க வேண்டும். பின்பக்கத்தைக் குட்டையாக வெட்டி மட்கார்டைச் சிறிதாக்குபவர்கள், இருவரைச் சீட்டில் உட்கார வைத்து, சக்கரம் மேலேறும்போது வயரைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். மெயின் பியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்கட்டும். அது அடிக்கடி போனால், பெரிய பியூஸ் போடுவது தீயை அழைப்பதாகும். பெட்ரோல் டாங்க் அந்தக் கட்டின் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக மூன்று. ஜப்பான் வண்டிகளின் பிளஸ் திருகுகளுக்கு ஜேஐஎஸ் என்னும் ஜப்பான் தரத் திருப்புளி வேண்டும். சாதாரண பிலிப்ஸ் முனை அதில் ஆழமாக அமராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சிலிண்டரை அளந்து பார்ப்பதற்கு முன் பிஸ்டன் வாங்காதீர்கள். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்த எஞ்சின் உறையின் எண்ணெய்த் துளைகளை ஒன்றுவிடாமல் கழுவி ஊதுங்கள். மிச்சமிருக்கும் மணல் புதிய பேரிங்கைச் சீக்கிரமே அரித்துவிடும்.

முதல் முறை பேட்டரியை இணைக்கும்போது அவசரம் வேண்டாம். பியூஸ் இருக்கும் இடத்தில் அதே வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராகச் செருகுங்கள். சாவி அணைந்திருக்கும்போது அது எரியவே கூடாது. சாவியைப் போட்டு, ஹார்ன், பிரேக், இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். லேசாக ஒளிர்ந்தால் சுமை இழுக்கிறது என்று பொருள். முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது; கடைசியாக எதை இயக்கினீர்களோ அந்தக் கிளையில் தேடுங்கள். இந்தச் சின்னப் பல்பு, பின்னிய கட்டு முழுவதையும் கருகாமல் காப்பாற்றும்.

எல்லாம் சரியானால் பியூஸைப் போட்டு எஞ்சினைக் கிளப்பி, முன்விளக்கை எரியவிட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் வண்டியில் வேகம் கூட்டும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 6 வோல்ட்டில் 7-ஐ ஒட்டி. 12 வோல்ட் வண்டியில் 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரையும் அதன் எர்த்தையும் பாருங்கள், 12.6-க்கு மேல் ஏறாவிட்டால் சுருளைப் பாருங்கள். முதல் ஓட்டத்தை வீட்டைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள். பாலிக் புலாவ் மலைப்பாதை பிறகு இருக்கட்டும். திரும்பி வந்ததும் சாவியை அணைத்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் டெர்மினல் சரியாக நசுக்கப்படாதது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.