டிரையர் குழாயில் சேரும் பஞ்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணி உலர்த்தும் டிரையரில் ஒரே ஓட்டத்தில் காய்ந்த துணி இப்போது இரண்டு ஓட்டம் கேட்கிறதா? பலரும் சூட்டைக் கூட்டி வைப்பார்கள், இல்லையென்றால் மெஷின் பழசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். தவறுகளிலேயே ஆபத்தானது இதுதான். ஈரக்காற்று வெளியே போகும் குழாய் அடைபட்டிருக்கலாம். காற்று போகாவிட்டால் சூடு உள்ளேயே தேங்கும். துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சும் அங்கேதான் கிடக்கும். உலர்ந்த பஞ்சு பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும்.

"பஞ்சைப் பிடிக்கும் ஃபில்டர் வலையைத் தவறாமல் சுத்தம் செய்கிறேனே" என்பீர்கள். நல்ல பழக்கம், ஆனால் போதாது. வலையில் சிக்காத மெல்லிய பஞ்சு குழாய்க்குள் போய் வளைவுகளில் படிகிறது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, 2008 முதல் 2010 வரை அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள் நடந்தன. அவற்றுக்கு முதன்மைக் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டதுதான். ஆண்டுக்கு ஒரு முறையாவது பிளக்கைப் பிடுங்கி, குழாயைக் கழற்றி, நீளமான பிரஷால் முழுக்கத் தேய்த்து எடுங்கள். கேஸில் ஓடும் டிரையர் என்றால் நீங்களே இழுத்து நகர்த்த வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

ஃபில்டரிலும் ஒரு விஷயம் கண்ணில் படாது. துணியை மென்மையாக்கும் தாள் போடுகிறவர்களின் வலையில் மெழுகு போன்ற படலம் படியும். பஞ்சை எடுத்துவிட்டு வலையைத் தண்ணீரில் காட்டுங்கள். தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நின்றால், சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

குழாய் விஷயத்தில் பிளாஸ்டிக்கும், மடிப்பு மடிப்பான மெல்லிய ஃபாயில் குழாயும் வேண்டவே வேண்டாம். உள்ளே வழவழப்பான கெட்டி உலோகக் குழாய்தான் சரி. இணைப்புகளில் திருகாணி அடிக்காதீர்கள்; உள்ளே நீட்டும் முனையில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அலுமினியம் டேப் ஒட்டினால் போதும். மெஷினைச் சுவரோடு தள்ளிக் குழாயை நசுக்கிவிடுவதும் உண்டு. பறவை வரக்கூடாதென்று குழாயின் வெளிவாயில் வலை கட்டுவது நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த வலையே அடைப்பாகிவிடும். டிரையர் ஓடும்போது வெளியே போய்ப் பாருங்கள், மூடி நன்றாகத் திறந்து காற்று வேகமாக வர வேண்டும்.

எண்ணெய்க் கறை போகாத துணியை டிரையரில் போடவே கூடாது. துவைத்த பிறகும் மிஞ்சும் சமையல் எண்ணெய், சூடான துணிக் குவியலில் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். அப்புறம், டிரையரை ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், வெளியிலும் கிளம்பாதீர்கள். உள்ளே புகையோ தீயோ தெரிந்தால் கதவைத் திறக்கக் கூடாது, காற்றுப் பட்டதும் தீ பெரிதாகும். எட்டும் தூரத்தில் இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய்த் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.