டெட் தாள் 2 முதல்முறை எழுதுகிறீர்களா? வட்டத்தில் வழுக்கி விழுந்தவன் சொல்கிறேன்

2019-இல் முதல்முறை ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுதியபோது நான் வாங்கியது 74. எனக்குத் தேவைப்பட்டது 82. படிக்காமல் போய்க் கோட்டை விட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். படித்ததெல்லாம் கேள்வித்தாளில் வந்திருந்தது. வட்டம் நிரப்பும் விடைத்தாளில்தான் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்தது. 2025 நவம்பரில் மறுபடி எழுதி 96 வாங்கினேன். இரண்டு முறைக்கும் நடுவில் நான் மாற்றிக்கொண்டது என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்ணப்பத்தில் போட்டோ ஏற்றுவது, கட்டணம் கட்டுவது எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படி 1: எந்தத் தாள், எந்தப் பாடம்

1 முதல் 5 வரை வகுப்பு எடுக்கத் தாள் 1. 6 முதல் 8 வரை எடுக்கத் தாள் 2. பி.எட். மட்டும் வைத்திருப்பவர்கள் தாள் 1 பக்கம் போக வேண்டாம். தொடக்கநிலை வகுப்புகளுக்கு பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்கு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வேண்டும்.

தாள் 2-இல் 150 கேள்வி, 150 மதிப்பெண், 3 மணி நேரம். குழந்தை மேம்பாடு 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். என்னைப் போலத் தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த 60-தான் இடி. இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். எது எடுத்தாலும் நமக்கு அந்நியம்தான். நான் சமூக அறிவியல் எடுத்தேன். கணக்கு பிடிக்கும் என்பவர்கள் தவிர மற்ற மொழிப்பாட ஆட்களுக்கு அதையே சொல்வேன். வரலாறும் குடிமையியலும் கதை மாதிரி வாசித்தே பாதி மனதில் நிற்கும்.

படி 2: மதிப்பெண் பட்ஜெட் போடுங்கள்

தேர்ச்சிக்கு 60 சதவீதம், அதாவது 90. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தமிழக அரசு 2014-இல் 5 சதவீதம் தளர்த்தியது; அப்படி வந்ததுதான் அந்த 82. அளவுகோல் மாறக்கூடியது, ஆகவே நீங்கள் எழுதும் ஆண்டின் அறிவிக்கையைத் திறந்து உங்கள் பிரிவுக்கு எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

பாடவாரியாகக் குறைந்தபட்சம் என்று எதுவும் கிடையாது. மொத்தம் வந்தால் போதும். அதனால் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். என்னுடையது இப்படி இருந்தது: தமிழ் 23, குழந்தை மேம்பாடு 18, ஆங்கிலம் 13, சமூக அறிவியல் 34. கூட்டினால் 88. ஆங்கிலத்தில் 13 என்று எழுதக் கூச்சமாக இருந்தது, ஆனால் அந்த நேர்மைதான் என்னைக் காப்பாற்றியது. 13-ஐ 20 ஆக்க அழும் இரண்டு மாதத்தில் சமூக அறிவியலில் 34-ஐ 42 ஆக்கலாம்.

படி 3: படிப்பது

6 முதல் 10 வரை சமச்சீர் பாடப்புத்தகங்கள். பாடநூல் கழகத்தின் தளத்தில் பிடிஎஃப் இலவசம். கடையில் விற்கும் தலையணை கைடுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒன்று வாங்கினேன், விடைப்பட்டியலிலேயே தப்பு இருந்தது. பத்துப் பேர் சேர்ந்து பிடிஎஃப் அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுக்களும் அப்படித்தான். சேமிப்போம், திறக்க மாட்டோம்.

குழந்தை மேம்பாட்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அறிஞர் பெயர், ஆண்டு என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். பியாஜே நான்கு நிலைகள் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். கேள்வி எப்படி வரும் என்றால், அகலமான கிண்ணத்து நீரை உயரமான டம்ளரில் ஊற்றியதும் "இதில்தான் நிறைய இருக்கிறது" என்கிறது ஒரு குழந்தை, அது எந்த நிலை என்று வரும். அளவு மாறவில்லை என்பது அந்தக் குழந்தைக்கு இன்னும் பிடிபடவில்லை; ஏறக்குறைய 2 முதல் 7 வயது வரையான இரண்டாம் நிலை அது. வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால் ஊற்றிக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். என் அக்கா மகள் அப்படியே சொன்னாள். அன்றைக்கே அந்தப் பாடம் முடிந்தது.

படி 4: வட்டம். இங்கேதான் நான் விழுந்தேன்

2019-இல் நடந்தது இது. 97-ஆம் கேள்வி தெரியவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். 98-இன் விடையை 97-இன் வரிசையில் நிரப்பிவிட்டேன். அங்கிருந்து எல்லாம் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டே போனது. 131-க்கு விடை தேடி விடைத்தாளைப் பார்த்தால் 130-ஆம் வரிசை காலியாக இருக்கிறது. முதுகில் வியர்வை ஓடியது. பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க வழியில்லை. முப்பத்துச் சொச்சம் விடைகள் போயின.

இதற்கு நான் கண்டுபிடித்த முறை:

கேள்வித்தாளிலேயே முதலில் விடையைச் சுழித்துவிடுங்கள். பத்துக் கேள்வி முடிந்ததும் அந்தப் பத்தையும் சேர்த்து விடைத்தாளில் நிரப்புங்கள். நிரப்பும்போது எண்ணையும் விடையையும் மனசுக்குள் சொல்லுங்கள்: "41, இ. 42, அ." பத்தாவது வட்டம் 50-இல் முடியவில்லை என்றால் எங்கோ தப்பு. அப்போது அதிகபட்சம் பத்தோடு போகும், முப்பத்து மூன்றோடு போகாது.

தெரியாத கேள்வியை வெற்றாக விட்டு நகராதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை. அந்த நேரத்தில் தோன்றும் ஒன்றை நிரப்பிவிட்டு மேலே போங்கள். வரிசையில் ஓட்டை விழுவதுதான் ஆபத்து. நான் விழுந்ததும் அந்த ஓட்டையில்தான்.

"எல்லாவற்றையும் கடைசியில் மொத்தமாக நிரப்பலாமே" என்று கேட்பீர்கள். ஒரு வட்டத்துக்கு 5 விநாடி வைத்தாலும் 150-க்குப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கண்காணிப்பாளர் நேரத்தைச் சொல்லிக்கொண்டே நடக்கும்போது அந்தக் கை நடுங்கும். வேண்டாம்.

வீட்டிலேயே மாதிரி ஓஎம்ஆர் தாளை, அதாவது இந்த வட்டம் நிரப்பும் விடைத்தாளை, நாலைந்து நகல் எடுத்து, கடிகாரம் வைத்து நிரப்பிப் பழகுங்கள். பேனா விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: சாதாரண கறுப்பு பால்பாயிண்ட், கொஞ்சம் எழுதித் தேய்ந்தது. ஜெல் பேனா மை இழுகும், பின்பக்கமும் தெரியும். வினாத்தொகுப்பின் வரிசை எழுத்தை நிரப்பிவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். அதை விட்டவர் கதை என்னுடையதைவிட மோசம்.

2022-23-இல் தேர்வு கணினி வழியாக நடந்தபோது இந்தத் தொல்லையே இல்லை. 2025-இல் மறுபடி தாளுக்கே வந்துவிட்டது.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்காக

அண்ணன் படித்த பழைய புத்தகம் போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. 2018-19-இல் 6-ஆம், 9-ஆம் வகுப்புகளுக்கும் அடுத்த கல்வியாண்டில் 7, 8, 10-க்கும் பாடத்திட்டம் மாறியது. முதல் பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியர் ஒருவர், தனக்கும் இது வேண்டுமா என்று கேட்டார். உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதித் தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் டெட் இல்லாமலே பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்டால் அவர்களுக்கும் டெட் வேண்டும். இருபது வருடம் பாடம் எடுத்தவர்களுக்குப் பாடம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வட்டம் நிரப்பி அவர்களுக்குப் பழக்கம் இருக்காது, நான்காம் படியை அவர்கள்தான் முதலில் படிக்க வேண்டும்.

வட்டாரக் கல்வி அலுவலர் ஆக ஆசைப்படும் தங்கை ஒருவர், டெட் தேறினால் அதற்கு நேராகப் போகலாமா என்று எழுதியிருந்தார். முடியாது அம்மா. நேரடி நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனியாகப் போட்டித் தேர்வு நடத்துகிறது, பட்டமும் பி.எட்.டும் கேட்பார்கள். பட்டதாரி ஆசிரியர் பணிக்குமே டெட் தேர்ச்சி நுழைவுச்சீட்டு மட்டும்தான். 2018-இன் அரசாணை 149-க்குப் பிறகு அதற்கும் தனிப் போட்டித் தேர்வு உண்டு. ஆகவே படி 3-இன் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், திரும்பவும் வாங்கினேன்.