லெக் டே வலிக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தலாமா?

ஞாயிற்றுக்கிழமை ஜிம்மில் புதிதாக ஸ்குவாட் போடுகிறீர்கள். செவ்வாய்க்கிழமை கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்க முடியவில்லை. "எல்லாம் அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையால்தான்" என்று யாரோ சொல்ல, அன்று ராத்திரியே அட்டோர்வாஸ்டாட்டின் நின்றுபோகிறது. உடற்பயிற்சி செய்பவர்களிடம் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இதுதான்.

பழக்கமில்லாத பயிற்சியால் வரும் வலி வேலை கொடுத்த தசையில் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஸ்டாடின் (அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரைகள்) தரும் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, இடுப்பு, தோள் என்று வரும். மாத்திரை தொடங்கிய அல்லது டோஸ் கூட்டிய சில வாரங்களில் தலைகாட்டும். ஓய்வெடுத்தாலும் லேசில் போகாது. 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வில், பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை விட்ட 60 பேருக்கு ஸ்டாடினையும் மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் எது எதுவென்று சொல்லாமல் மாதத்துக்கு மாதம் மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாடின் மாதங்களில் இருந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் இருந்தது. அவர்கள் பட்ட வலி நிஜம்தான். ஆனால் அதில் மருந்தின் பங்கு கொஞ்சம்தான்.

சரி, டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று கடும் பயிற்சி செய்த மறுநாளே லேபுக்குப் போகாதீர்கள். மாத்திரையே போடாதவருக்கும் அப்போது தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே எகிறியிருக்கும்; கல்லீரல் டெஸ்டில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி கூட ஏறலாம். முடிந்தால் ஒரு வாரம் எடை தூக்காமல் இருந்துவிட்டு ரத்தம் கொடுங்கள்.

"தினமும் ஓடுகிறேனே, பாதி மாத்திரை போதும்" என்று நீங்களாகவே குறைப்பதும் தவறு. ஓட்டம் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை நன்றாகக் குறைக்கும்; கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லை அவ்வளவாகக் குறைக்காது. ரிப்போர்ட் நார்மல் என்றால் அது மாத்திரை வேலை செய்வதால்தான். வலி உண்மையிலேயே மருந்தால் என்றால் மருத்துவரிடம் வழிகள் உண்டு: டோஸைக் குறைப்பது, வேறு ஸ்டாடினுக்கு மாற்றுவது, குறைந்த டோஸோடு எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மருந்தைச் சேர்ப்பது. டோஸை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீதம் அளவுக்குத்தான் குறையும்; பாதியாக்கினாலும் இழப்பு அவ்வளவுதான் என்பதால், டோஸைக் குறைக்க அவருக்கு இடம் இருக்கிறது.

அப்புறம், ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாடினைப் போட்ட இரண்டு மணி நேரத்துக்கு அசிடிட்டி ஜெல் குடிக்காதீர்கள். மருந்து உடம்பில் சேர்வது பாதியாகிவிடும்.

கடுமையான தசைவலியோடு உடல் தளர்ந்து, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.